நலம் விசாரிப்பும் விசாரணையும்

கல்லூரி மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து சமூக ஏற்றத்தாழ்வைப் பற்றி ஆய்வு செய்வது இந்தக் காலத்துப் புதுமை என்று பலரும் நினைக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

1915-இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்கள் படிக்கும் ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். கிராமத்தைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பாடத்தை நடத்த முடியாது என்று கண்டு, ஒரு கேள்வித்தாள் தயாரித்து மாணவர்கள் கையில் கொடுத்தார். விடுமுறைக்குப் போகும்போது அவரவர் ஊரில் விசாரித்து எழுதி வரச் சொன்னார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு என்பன போன்ற கேள்விகள்தான்.

அவர்கள் எழுதி வந்தவை 1918-இல் 'சில தென்னிந்திய கிராமங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வந்தன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சைப் பக்கத்துப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான், காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள தூசி எல்லாம் அதில் உண்டு.

அரசாங்க எழுத்து வேலையில் காலம் கழித்தவன் என்பதால் எனக்கு ஒன்று தெரியும். பட்டா யார் பெயரில் என்று சிட்டா சொல்லும். என்ன பயிர் என்று அடங்கல் சொல்லும். அந்தப் பயிருக்குக் குனிந்து நிமிர்ந்தவர் யார் என்று இரண்டும் சொல்லாது. மாணவர்கள் எழுதியதில் படியாட்கள் வருகிறார்கள். கல்யாணச் செலவுக்கு வாங்கிய சிறிய கடன் அடைபடாமலே அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும். நிலம் கைமாறினால் ஆளும் சேர்ந்து கைமாறுவான். இதற்கு எந்த ரிஜிஸ்தரிலும் கலம் கிடையாது.

நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் 'ஆங்கெத்' என்று ஒரு சொல் உண்டு. போலீஸ் விசாரணைக்கும் அதுதான், இந்த மாதிரி ஆய்வுக்கும் அதுதான். நம் தமிழும் அப்படியே. நலமும் விசாரிக்கிறோம், குற்றமும் விசாரிக்கிறோம். நோட்டும் கையுமாக வாசலில் நிற்கிறவரைப் பார்த்தால் ஏழை வீட்டில் எது ஞாபகம் வரும்? ரேஷன் கார்டை எடுத்துவிடுவார்களோ என்றுதான். சொந்த ஊர்ப் பையனை அனுப்பியதால் ஸ்லேட்டருக்கு இந்தப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் அன்று காலேஜ் வரை போனவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டு, மேல்சாதிப் பிள்ளைகள். ஊர்த்தெருவில் நின்றபடி சேரியைப் பார்த்தவர்கள். பண்ணையார் வீட்டுப் பிள்ளை கேட்டால் படியாள் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் குறையைப் பின்னால் வந்தவர்கள் ஓரளவு சரிசெய்தார்கள். 1936-37-இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆய்வு செய்யவைத்தார்கள். இருவேல்பட்டுக்கு 1980-களில் எஸ். குகனும் ஜோன் மென்சரும் போனார்கள். 2008 வாக்கில் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போனார்கள். ஒரே ஊரை இப்படித் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான், பெரிய நிலக்காரர் பிடி தளர்ந்ததும், ஜனங்கள் வெளியூர் வேலைக்குப் போய்த் தலைநிமிர்ந்ததும், அந்த மாற்றம் இன்னும் முழுமையடையாததும் நமக்குத் தெரியவருகிறது. ஒரு தடவை எடுத்தால் அது போட்டோ. பல தடவை எடுத்தால்தான் ஊரின் சரித்திரம்.

நம் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிப்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஒரு வீட்டுத் திண்ணையில் நாலு நாள் உட்கார்ந்தால்தான் ஐந்தாம் நாள் உண்மை வாய்க்கு வரும். செல்போனில் இருபது நிமிஷத்தில் படிவம் நிரப்புகிறவர்களுக்கு அது கிடைக்காது.

ஆயக்குடி என்றால் வெளியூரில் கொய்யாவைச் சொல்வார்கள். சந்தையில் பெட்டி என்ன விலை என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பழம் பறிக்கிற பெண்ணுக்கு என்ன கூலி, அதே தோப்பில் ஆணுக்கு என்ன கூலி, மழை பெய்து வேலை இல்லாத நாளில் யாரிடம் கடன் வாங்குகிறாள், என்ன வட்டி? இதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளே விசாரித்து எழுதலாம்.

அவர்களிடம் நான் கேட்பது மூன்றுதான். இரண்டு தெருப் பிள்ளைகள் ஜோடியாகப் போங்கள். எழுதியதைக் கல்லூரி அலமாரியில் பூட்டாமல், பதில் சொன்னவர்கள் நடுவில் உட்கார்ந்து தமிழில் வாசித்துக் காட்டுங்கள். பத்து வருஷம் கழித்து வருகிறவர்களுக்காகக் கேள்வித்தாளைப் பத்திரமாக வையுங்கள். வாசித்துக் காட்டும்போது, "இது தப்பு தம்பி, அப்படி இல்லை" என்று ஒரு பாட்டி எழுந்து சொன்னால், அந்த ஆய்வு உருப்படியானது என்று அர்த்தம்.