அந்தக் கொப்பி யாரிடம்?

கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலையிலோ பள்ளிவாசல் நிர்வாகத்திலோ ஜனாஸா நலன்புரிச் சங்கத்திலோ பொறுப்பில் இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

மொனராகலையில் படிப்பிக்கிற எங்களுக்கு ஒரு விஷயம் பழகிப்போய்விட்டது. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து நியமனம் பெற்று வருகிற ஆசிரியர்கள் சில வருடங்களில் இடமாற்றம் கிடைத்து ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, குடும்பம் அங்கே இருக்கிறது. ஆனால் அவர்களோடு வேலையும் போய்விடுகிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு இணையவழியில் விண்ணப்பிக்கும்போது எங்கே சிக்கும், இலவசப் பாடநூல் கணக்கை எப்படி எடுப்பது, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு எத்தனை கிழமைக்கு முன் யாருக்கெல்லாம் கடிதம் கொடுப்பது, எல்லாமே ஒருவருடைய தலையிலும் ஒரு கொப்பியிலும்தான் இருக்கும். அவர் போனபிறகு "அந்தக் கொப்பி யாரிடம்?" என்று தேடுவதே ஒரு வேலை.

வட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பீர்கள். போன வருடம் அதில் போட்ட ஓர் அறிவுறுத்தலைத் தேடிப் பாருங்கள். எத்தனை ஜும்ஆ வாழ்த்துகளைத் தாண்ட வேண்டியிருக்கும் என்று தெரியும்.

அதனால் எங்களில் சிலர் சேர்ந்து பாடசாலை வேலைகளுக்கென்று ஒரு விக்கி வைத்துப் பார்த்தோம். பலரும் சேர்ந்து எழுதித் திருத்தக்கூடிய பக்கங்கள், அவ்வளவுதான். விக்கி என்றதும் விக்கிப்பீடியாதான் நினைவுக்கு வரும். ஆனால் விக்கி அதற்கு முன்பே வந்தது. 1995இல் வோர்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர், மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் தொழில் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வதற்காக முதல் விக்கியை உருவாக்கினார். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பஸ்ஸின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் சேர்த்துவரும் நூலகம் இணையத்தளமும் விக்கி மென்பொருளில் கட்டப்பட்டதுதான்.

நாங்கள் எடுத்தது டொகுவிக்கி. இலவசம். ஒவ்வொரு பக்கமும் சாதாரண எழுத்துக் கோப்பாக இருப்பதால் பென் டிரைவில் பிரதி எடுத்து வைக்கலாம். கணினி ஆய்வுகூடத்துப் பழைய கணினி ஒன்றில் போட்டோம். சிக்னல் இல்லாத நாளிலும் பாடசாலைக்குள் வேலை செய்கிறது.

நன்மை உடனே தெரிந்தது. புதிதாக வந்த டீச்சர் ஒருவர், பழையவருக்கு இரவில் கோல் எடுக்காமலே பாடநூல் கணக்கை முடித்தார். யார் எப்போது எதை மாற்றினார் என்பது பதிவாகிறது. பிழையாக மாற்றினால் பழையபடி ஆக்கலாம். எல்லாவற்றிலும் நல்ல பக்கத்தை எழுதியவர் எங்கள் அலுவலக உதவியாளர். விடுகைப் பத்திரம் கேட்டு வருகிற பெற்றோரிடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தோம். அதுவரை அவரிடம் யாருமே கேட்டதில்லை.

குறைகளும் தெரிந்தன. படிவம் மாறியும் பக்கம் மாறாததால், ஆசிரியர் ஒருவர் பழைய படிவத்தை நிரப்பிக்கொண்டு அலுவலகம் வரை போய்த் திரும்பினார். பழசாகிப்போன பக்கமும் புதுப் பக்கம் போலத்தான் தெரியும். அதிபர் எழுதியதில் கை வைக்க இளையவர்கள் தயங்குகிறார்கள். மூத்தவர்கள் சிலருக்குத் தமிழ்த் தட்டச்சு வராது. பலர் பார்க்கிறார்கள், பிழை தங்காது என்றும் நம்பியிருக்க முடியாது. 2005இல் ஜோன் சீகென்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்திய பொய் ஒன்று, ஆங்கில விக்கிப்பீடியாவிலேயே நான்கு மாதங்களுக்கு மேல் கிடந்தது.

எல்லோருடையது என்றால் யாருடையதும் இல்லை என்று ஆகிவிடும். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் தனியாகவே எழுதி அதைத் தாங்கினார். கூட்டம் பிறகுதான் சேர்ந்தது. எந்த விக்கிக்கும் இப்படி ஒருவர் வேண்டும்.

ஆகவே சில ஒழுங்குகள் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர், ஆளின் பெயரில் இல்லாமல் பதவியின் பெயரில். தவணை தொடங்கும்போது பார்த்து, சரிபார்த்த திகதியை மேலே போட வேண்டும். பிள்ளைகளின் விபரமும் கடவுச்சொல்லும் அதில் ஏறவே கூடாது. அனுமதிப் பதிவேடு, வரவுப் பதிவேடு, சம்பவப் புத்தகம் மூன்றும் கையொப்பத்தோடு தாளிலேயே இருக்கும். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்பது காலத்துக்கேற்ப மாறும், அதை விக்கியில் திருத்தலாம். நடந்தது என்ன என்பதை யாரும் திருத்தக்கூடாது. நாளை ஒரு பிள்ளையின் பிறந்த திகதியில் சிக்கல் வந்தால் கையொப்பம்தான் பேசும்.

வருகிற ஜனவரியில் இன்னும் இரண்டு பேர் போகிறார்கள். போகுமுன் கிழமைக்கு ஒரு பாடவேளை உட்கார்ந்து எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறோம். ஒருவர் தொடங்கிவிட்டார்.

உங்கள் சங்கத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். ஜனாஸா என்றால் கூடாரம், பாத்திரம் யாரிடம், எந்த மரணப் பதிவாளரிடம் போவது என்று எல்லாம் தெரிந்தவர். விக்கி முடியாவிட்டால் பரவாயில்லை, ஒரு சீஆர் கொப்பி போதும். அவர் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். அந்தக் கொப்பி யாரிடம் இருக்கும் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.