பச்சை முகத்தில் ஆச்சி

1963-ல் நியூயார்க்கில் எத்தல் ஸ்கல் என்ற பெண்ணை, அவர் கணவர் கேட்டதற்காக ஓவியர் ஆண்டி வார்ஹோல் படமாக்கினார். பெரிய ஸ்டுடியோ எல்லாம் இல்லை. காசு போட்டால் போட்டோ தள்ளும் மெஷினில் உட்கார வைத்தார். சிரிப்பு, யோசனை, கூலிங் கிளாஸ் என்று விழுந்த படங்களைக் கலர் கலராக 36 கட்டங்களில் அடுக்கினார். பாப் ஆர்ட்!

நாகர்கோவில் வடசேரியில் ஒரு பேத்திக்கும் அதே ஆசை. ஆச்சியின் 80-வது பிறந்தநாளுக்கு, தார்சாவில் தொங்கும் குடும்பப் படங்களைச் சேர்த்து ஒன்பது அடி நீளத்தில் ஒரே படம்.

தாத்தாவுக்கு ஏழு போட்டோ கிடைத்தது. ஆச்சிக்கு ஒன்றே ஒன்று. கல்யாணப் படத்தைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சம், நாத்தனார் கல்யாண குரூப் போட்டோவின் கடைசி வரிசையில் துவரம்பருப்பு அளவு முகம். (அந்தக் காலத்தில் ஸ்டுடியோவுக்குப் போகும் வேலை பெரும்பாலும் ஆண்களுக்குத்தானே இருந்தது!)

இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர். ஈரத்தில் போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பிய்த்தால் முகமும் உரிந்து வந்துவிடும். அதனால் கண்ணாடியோடே ஸ்கேன் செய்தாள்.

பெரிதாக்கினால் ஒரே மங்கல். அங்கேதான் பாப் ஆர்ட் கைகொடுத்தது. வெளிச்சம், நிழல், நடுவில் ஒன்று என மூன்றே நிறங்களாகச் சுருக்கியதும் மங்கல் அடங்கி, தாடையும் அழுத்தி மூடிய உதடும் மேலே வந்தன. எல்லோர் கண்களும் ஒரே கோட்டில் நிற்கும்படி கட்டங்களை அடுக்கினாள். தாத்தாவுக்கு ஒரு கட்டம். ஆச்சிக்கு ஏழு.

“எனக்க மொகம் என்ன மக்ளே பச்சையா கெடக்கு? கதகளிக்காரன் மாதிரில்லா இருக்கு!”

“கதகளில பச்சை வேஷம் நல்லவங்களுக்குதான் ஆச்சி.”

ஆச்சி சிரிக்கவில்லை. மாமனார், கொழுந்தன், தாத்தா என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார். “இதுல உசுரோட இருக்கது நான் ஒருத்திதானா?”

பேத்தியிடம் பதில் இல்லை.

“பிளெக்ஸ்ல மட்டும் அடிச்சிராத. கண்ணீர் அஞ்சலின்னு நெனச்சிருவாவ.”

நியாயமான பயம்தான். கேன்வாஸ் துணி என்று முடிவானது. கொள்ளுப்பேரனின் பல் முளைக்காத சிரிப்பை செல்போனில் எடுத்து, ஆச்சிக்கு அடுத்த கட்டத்தில் சேர்த்தாள். பிறகு கேட்டாள், “அந்தக் கல்யாணத்துக்கு என்ன கலர் சேலை கட்டியிருந்தீங்க?”

“மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை.” யோசிக்கவே இல்லை.

ஏழாவது கட்டத்தில் மட்டும் அந்த நிறங்கள். அச்சிட்டுத் தர இரண்டு நாளாகும் என்றார்கள் கடையில். அதற்குள் ஆச்சி நாலு தடவை கேட்டுவிட்டார்: “மஞ்சள் சரியா விழுமா மக்ளே?”