யாரை நம்பி இந்த பாஸ்?

அவர் மதுரைக்காரர், கோலாலம்பூரில் ஐ.டி. வேலை. நான் கிள்ளான் பெண். திருமணம் முடிவானதும் எங்களுக்குள் முதலில் எழுந்த பேச்சு மண்டபமோ முகூர்த்தமோ அல்ல, எந்த பாஸ் என்பதுதான்.

இப்போது அவரிடம் இருப்பது வேலை பாஸ். வேலை போனால் அதுவும் போகும். பதிவுத் திருமணச் சான்றிதழைக் காட்டிக் குடிநுழைவுத் துறையில் வாங்கும் நீண்டகாலச் சமூக வருகை பாஸ் முதலாளியை நம்பியிராது. ஆனால், வேலை செய்யத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதில் தொடர்ந்து சில ஆண்டுகள் இருந்த பிறகே நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கு மனுச் செய்யலாம்.

"பிறகென்ன, இதையே எடுங்கள்" என்றார் அம்மா. எனக்குத்தான் உறுத்தல். ஒவ்வொரு முறை புதுப்பிக்கவும் நான் கூடப் போக வேண்டும். நாளை எங்களுக்குள் பெரிய சண்டை வந்தால்? அண்ணன் கோயம்புத்தூரில் பெண் எடுத்தார். அரசியலமைப்பின் 15ஆவது பிரிவின்படி அண்ணி குடியுரிமைக்கே மனுச் செய்யலாம். மலேசியப் பெண்ணை மணக்கும் ஆணுக்கு அந்த வழி இல்லை.

"முதலாளிக்கு நீ பரவாயில்லை" என்று சிரித்தார் அவர். சரி, திருமண பாஸ்தான். கடப்பிதழும் பத்திரங்களும் அவர் பெட்டியிலேயே இருக்கும். எவ்வளவு கோபம் இருந்தாலும் புதுப்பிக்கும் நாளில் லீவு போட்டு வருவேன். அப்பா முன்னிலையில் இரண்டையும் சொல்லிவிட்டேன்.