மூவாரில் காயும் பால்மரம்

மூவாருக்குப் போகிறவர்கள் மீ பண்டுங் சாப்பிடாமல் திரும்புவதில்லை. அடுத்த முறை, அந்த ஊரின் தளவாடக் கடைகளையும் எட்டிப் பாருங்கள். நாட்டின் மரத்தளவாடத் தொழிலுக்கு மூவார்தான் மையம். அங்கே அதிகம் புழங்குவது ரப்பர் மரம். நம் தாத்தா பாட்டி விடியலில் பால் வெட்டிய அதே மரம். 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் அதை வெட்டிவிடுவார்கள். ஒரு காலத்தில் அது விறகாகத்தான் போனது.

இன்று அதை மேசையாக்க முக்கிய வேலை, ஈரத்தை இறக்குவது. 160 கிராம் பச்சைத் துண்டு, 103 டிகிரி அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை காய்ந்து 100 கிராம் ஆனால், ஈரம் 60 விழுக்காடு. உடனே தெரிய, இரண்டு ஊசி கொண்ட ஈரமானி போதும். ஈரம் கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். அதை வைத்துக் கணக்கிடும்.

ஜொகூர் காற்றே ஈரமானது. வெளியில் எவ்வளவு காய வைத்தாலும் ஏறக்குறைய 15 விழுக்காட்டில் நின்றுவிடும். அதனால் சூளையில் வைத்து 8 முதல் 12 வரை இறக்குகிறார்கள். இல்லாவிட்டால் ஏர்கோன் அறையில் பலகை சுருங்கும், மூட்டு ஆடும்.

புது வீட்டுக்கு மேசை வாங்கும்போது விலையோடு இதையும் கேளுங்கள்: "சூளையில் காய்ந்த மரமா? ஈரம் எத்தனை விழுக்காடு?"