கும்மிடிப்பூண்டிக்கு ஒரு மறுமொழி

கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த அஞ்சலட்டையில் நான்கே வரிகள். "இவ்வாண்டு மூவர் போய்விட்டனர். பட்டியலைத் திருத்திக்கொள். என் கண் முன்போல் இல்லை. அடுத்த கடிதத்தை நீ எழுது."

எழுதியவர் என் கல்லூரித் தோழர். எங்கள் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். பிரிந்த நாள் முதல் ஆண்டுக்கு இருமுறை எல்லாருடைய சேதியையும் திரட்டி எல்லாருக்கும் எழுதும் பணியை அவரே சுமந்து வந்தார். திருமணமும் மகப்பேறும் நிறைந்திருந்த அக்கடிதங்களில் பின்னர் பேரன் பேத்திகள் வந்தனர். இப்போது கண்புரையும் அடக்கப் பூசையும் வருகின்றன. கைப்பேசியில் ஒரு நொடியில் ஆகுமே என்கிறார்கள் பிள்ளைகள். ஆகும்தான்; ஆனால் அது மேசை இழுப்பறையில் தங்குவதில்லையே.

பதில் எழுத உட்கார்ந்தேன். மனம் ஓடவில்லை. புறப்பட்டுவிட்டேன்.

சென்னை மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து மின்ரயிலில் 45 கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட பயணம். எண்ணூரைக் கடந்ததும் கொசஸ்தலையாறு விரிகிறது. அப்பால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். மீஞ்சூருக்குப் பின் வயல்கள். பொன்னேரியில் ஒரு கூட்டம் இறங்கியது. பழவேற்காட்டு மகிமை மாதா ஆலயத்துக்குப் பேருந்து ஏறுவோரும் அதில் இருந்திருப்பர். பெட்டியில் தமிழோடு தெலுங்கும் கலந்து ஒலித்தது.

வழியெல்லாம் புனித சவேரியாரே நினைவில் நின்றார். பாரீசில் புனித பார்பரா கல்லூரியில் அவரும், பேதுரு ஃபாபரும், இஞ்ஞாசியாரும் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டவர்கள். 1545-இல் நம் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கிய சவேரியார், மறு ஆண்டு அம்போய்னா தீவிலிருந்து தோழர்களுக்கு எழுதினார்: அவர்கள் கைப்பட எழுதிய பெயர்களை மடல்களிலிருந்து வெட்டியெடுத்துத் தம்மோடு அணிந்திருப்பதாக. அதே 1546-இல் ஃபாபர் உரோமையில் இறந்தார். 1553 ஜூன் 28-இல் இஞ்ஞாசியார், திரும்பி வருமாறு சவேரியாரை அழைத்து மடல் வரைந்தார். சவேரியாரோ 1552 டிசம்பர் 3 அன்றே சான்சியன் தீவில் உயிர்நீத்திருந்தார். ஏறக்குறைய ஏழு மாதங்களாகியும் செய்தி உரோமையை எட்டவில்லை.

கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பாலைகளுக்குச் செல்லும் லாரிகள் புழுதி கிளப்பின. 1990 முதல் இலங்கைத் தமிழர் முகாமும் இவ்வூரில் உண்டு. கடல் கடந்து வரும் சேதிக்குக் காத்திருப்போர் இங்கு அநேகர். தோழர் இந்தத் தொழிற்பேட்டையிலேயே உழைத்து ஓய்வு பெற்றவர். என் குரலை வைத்துத்தான் என்னை அறிந்தார்.

முகவரிக் குறிப்பேட்டை எடுத்து வந்தார். இறந்தோர் பெயருக்கருகே சிவப்பு மையில் சிறு சிலுவை. ஏட்டின் நடுவில் ஓர் உறை. சென்ற ஆண்டு அவர் அனுப்பி, பெறுநர் இறந்துவிட்டார் என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதை அவர் பிரிக்கவில்லை. "அவனுக்கு எழுதியது. நான் ஏன் பிரிக்க வேண்டும்?" என்றார்.

சவேரியார் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு மூன்று பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் சிலுவை இட்டேன். இருவரும் ஒரு பரலோக மந்திரம் சொன்னோம்.

மாலைக்குள் கடிதம் முடிந்தது. அவர் சொன்னார், நான் எழுதினேன். எஞ்சியிருப்போர் பன்னிருவர், என்னை நீக்கிப் பதினொரு உறைகள். ஒன்றை அங்கேயே அவர் கையில் கொடுத்தேன்.

வாங்க மறுத்துவிட்டார். தபால்காரர்தான் கொண்டுவர வேண்டுமாம்.