அத்தை எண்ணிய துளைகள்

தபால்தலையில் நாம் முதலில் பார்ப்பது முகத்தை. அரசர், அரசி, ஜனாதிபதி, தேசத்தந்தை. சுற்றிலும் பல் பல்லாக இருக்கும் விளிம்பைக் கிழிப்பதற்கான வசதி என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரு பழைய தபால்தலை எந்த ஆண்டுடையது என்று கேட்டால், பல சமயம் முகம் பதில் சொல்வதில்லை. விளிம்புதான் சொல்கிறது.

1840இல் இங்கிலாந்தில் வந்த முதல் தபால்தலைக்குப் பற்கள் கிடையாது. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். துளையிட்ட தாள்கள் அங்கே முறையாகப் புழக்கத்துக்கு வந்தது 1854இல். துளைகளை அளக்கும் கணக்கை 1866இல் வகுத்தவர் பாரிஸைச் சேர்ந்த டாக்டர் லெக்ரான். இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை துளைகள் என்பதுதான் கணக்கு. பத்து இருந்தால் 10, பன்னிரண்டு இருந்தால் 12. இன்றும் உலகம் முழுக்க அதே முறைதான்.

இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது எங்கள் குடும்பத்தில் ‘பெரியப்பா ஆல்பம்’ என்று சொல்லப்படும் ஒரு தடித்த புத்தகம். முதல் பக்கத்தில் பெரியப்பாவின் பெயர் இருக்கிறது. கடைக்காரரிடம் காசு கொடுத்து வாங்கியவர் அவர். வெளிநாட்டு ஸ்டாம்புப் பொட்டலங்களை வாங்கி வந்தவரும் அவர்தான். தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து, கல்யாணம் ஆகாமலே அந்த வீட்டில் வாழ்ந்து முடித்த அத்தை ‘ஒட்டிக் கொடுப்பார்’ என்று மட்டும் சொல்வார்கள்.

அதில் ஒரு பக்கம் அமெரிக்காவுக்கு. பச்சை நிறத்தில் ஒரு சென்ட் தபால்தலைகள் மூன்று. மூன்றிலும் அதே ஜார்ஜ் வாஷிங்டன், அதே பக்கவாட்டு முகம். ஒரே ஸ்டாம்பை யாராவது மூன்று முறை ஒட்டுவார்களா? கீழே பென்சிலில் சிறிய எழுத்து: 12 – 1912. 10 – 1914. 11 – 1917.

நான் அளவு அட்டை ஒன்று வாங்கினேன். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வரிசைப் புள்ளிகள் அச்சிட்ட அட்டை அது. தபால்தலையை அதன்மேல் நகர்த்தி, விளிம்பின் எல்லாத் துளைகளிலும் புள்ளிகள் சரியாக உட்காரும் வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். 10க்கும் 11க்கும் இடையில் ஒரு துளைக்கு 0.2 மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லை. மூன்றையும் அளந்தேன். 12, 10, 11. அத்தை எழுதியபடியே.

அந்த எண்கள் மாறியதற்குக் காரணம் இருக்கிறது. 12 என்றால் துளைகள் நெருக்கம். தாள் பலவீனமாகி, விற்பதற்கு முன்பே பிரிந்து வந்தது. 10 ஆக்கினார்கள். இப்போது பிரிக்கவே கஷ்டம், இழுத்தால் ஸ்டாம்பே கிழிந்தது. கடைசியில் 11இல் வந்து நின்றார்கள். சேர்ந்திருக்கவும் வேண்டும், வேண்டும்போது முழுசாகப் பிரிந்து வரவும் வேண்டும். அந்த அளவைக் கண்டுபிடிக்கவே பல ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

துளையிட்டது யார்? வாஷிங்டன் நகரத்து அரசு அச்சகத்தின் பழைய புகைப்படங்களில், துளையிடும் இயந்திரங்களுக்கு முன்னால் பெண்கள் நிற்கிறார்கள். தாளைக் கோடு பார்த்துச் செலுத்துவதும் எண்ணிச் சரிபார்ப்பதும் அவர்கள் வேலை. 1902இல் மார்த்தா வாஷிங்டனின் முகம் 8 சென்ட் தபால்தலையில் வந்தது. 1908இல் தொடங்கிய இந்தப் புதிய வரிசையிலோ இரண்டே முகங்கள்தான்: வாஷிங்டன், பிராங்க்ளின். 1914இல் அந்தத் தாள்களைத் துளையிட்ட பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லை. பெண் என்பதால் ஓட்டை மறுக்கக் கூடாது என்று அந்த நாட்டு அரசியலமைப்பு சொன்னது 1920இல்.

வகுப்பில் ஔவையாரைப் பற்றிப் பேசும்போது மாணவிகள் கேட்பார்கள், “எந்த ஔவையார் மேம்?” ஒரே பெயர், பல காலத்துப் பல பெண்கள். பெயரை வைத்துப் பிரிக்க முடியாது. சொல்லையும் யாப்பையும் பார்த்துத்தான் பிரிக்கிறோம். அதற்கு ஆராய்ச்சி என்று பெயர், பட்டமும் உண்டு. அடுப்படி வேலை முடிந்த இரவில், ஸ்கேலும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்து அத்தை செய்ததற்கு வீட்டில் வைத்த பெயர் ‘பொழுதுபோக்கு’. பெரியப்பாவைச் சொல்லும்போது மட்டும் ‘ஸ்டாம்ப் கலெக்டர்’.

அந்தப் பென்சில் எழுத்து அத்தையுடையதுதானா என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. 1917இல் இருக்கும் ஏழின் நடுவே ஒரு சின்னக் கோடு. அவர் எழுதிய பால் கணக்கு நோட்டிலும் எல்லா ஏழுக்கும் அதே கோடு. ஆல்பத்தின் ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் அந்தக் கோடு போட்ட ஏழுகள் இருக்கின்றன. பெரியப்பாவின் எழுத்து முதல் பக்கத்தோடு சரி.

பெரியப்பா மகனிடம் இதைச் சொன்னேன்.

“யாருதா இருந்தா என்னம்மா இப்போ? எவ்வளவு போகும்னு சொல்லு.”

“மூணும் ரொம்பச் சாதாரண ஸ்டாம்ப்ண்ணே. பெரிசா ஒண்ணும் தேறாது.”

“அப்ப நீயே வச்சுக்க.”

வைத்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் பெரியப்பாவின் பெயரை அடிக்கவில்லை. வாங்கியவர் அவர்தானே. அதன் கீழே அத்தையின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘அளந்து, வகைப்படுத்தி, தேதியிட்டவர்’ என்று சேர்த்தேன். மைப்பேனாவில்.