மெதுவாய்க் கேட்கும் விசைகள்



லினக்ஸ் கணினியின் விசைப்பலகை திடீரென அடங்கிப்போனால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். கணினி விழித்தெழும்போது எந்த இயங்குதளம் வேண்டுமெனக் கேட்கும் பட்டியலில், அம்புக்குறி விசைகளை அழுத்திப் பாருங்கள். அங்கே அவை வேலைசெய்தால் பலகை உயிரோடுதான் இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் பின்னர் ஏறும் மென்பொருளில்.

நமது சபையின் முதியவர் ஒருவருக்கு நடுக்குவாதம். பேனா பிடிக்க இயலாமையால், தம் வாழ்க்கைச் சாட்சியைப் பேத்தியின் மடிக்கணினியில் தட்டெழுதி வருகிறார். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லாத் திட்டத்தில் கிடைத்தது அது. விண்டோஸுடன், சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய போஸ் லினக்ஸும் அதில் உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட இரவை எழுதத் தொடங்கிய நாளில் விசைகள் அடங்கின. கடைக்காரர் உப்புக்காற்றைக் குற்றஞ்சாட்டி, புதுப் பலகை மாற்றவேண்டும் என்றாராம். உச்சிப்புளியில் எவரும் நம்பக்கூடிய தீர்ப்புதான்! "கையும் போயிற்று, கருவியும் போயிற்று, ஐயா" என்றார் பெரியவர்.

பட்டியலில் அம்புக்குறிகள் நன்றாகவே நகர்ந்தன. ஆகவே சுட்டியைக்கொண்டு அணுகல் அமைப்புகளைத் திறந்தோம். 'ஸ்லோ கீஸ்' என்னும் வசதி இயங்கிக்கொண்டிருந்தது. ஷிப்ட் விசையை 8 வினாடி அழுத்திப் பிடித்தால் பல லினக்ஸ் கணினிகளில் அது தானே இயங்கிவிடும். அவ்வாறே மீண்டும் பிடித்தால் அணையும். நடுங்கும் விரலொன்று ஷிப்டின்மேல் இளைப்பாறியிருக்க வேண்டும். அதன்பின் ஒரு விசையைச் சற்று நேரம் பிடித்தால் மட்டுமே எழுத்து விழும். தட்டிவிட்டு விலகும் விரலுக்குப் பலகை செவிடாகவே தோன்றும்.

விந்தை என்னவெனில், நடுங்கும் கைகளுக்காகவே ஆக்கப்பட்ட வசதி அது. தவறிப்பட்ட தொடுதலைப் புறக்கணித்து, வேண்டுமென்றே அழுத்தியதை மட்டும் ஏற்கும். 1980-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக டிரேஸ் மையத்தார் இத்தகைய வசதிகளை வகுத்தார்கள். மந்தநாவுள்ள மோசேக்குத் தேவன் ஆரோனைத் துணைகொடுத்ததைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஒரு விசைப்பலகைக்குள் அத்தகைய துணையை எதிர்பார்த்ததில்லை.

பேத்தி அதை அணைக்கப்போனாள். "எனக்கென்று செய்தது என்கிறாரே ஐயா, இருக்கட்டும் அம்மா" என்று பெரியவர் தடுத்தார். காத்திருக்கும் நேரத்தை மட்டும் குறைத்தோம். ஒரே எழுத்து இரண்டு மூன்று முறை விழாதிருக்க, 'பவுன்ஸ் கீஸ்' என்னும் மற்றொன்றையும் இயக்கினோம். நாளொன்றுக்கு நான்கைந்து வரிகள் எழுதுகிறார். புயல் இரவு இன்னும் முடியவில்லை.